3 வருஷத்தில் அமெரிக்க டாக்டர் என்றார்கள்: ஊட்டி கன்சல்டன்சி அனுபவம், 5-க்கு 2

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், 5-க்கு 2. அந்த 2-ம் அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டியது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் பிள்ளைகளை அனுப்புகிற அந்த நிறுவனத்தின் பெயரை நான் போடப்போவதில்லை. எங்களுக்கு வர வேண்டிய பணம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதே பேச்சைப் பேசுகிற கடைகள் கோவையிலும் சென்னையிலும் நிறைய இருக்கின்றன, ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டால் மற்றவை எல்லாம் சரியானவை என்று யாராவது நினைத்துவிடுவார்கள். ஊட்டியில் சேரிங் கிராஸிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடியில் இருக்கிறது. அவ்வளவு போதும்.

நான் பந்தலூர் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், 17 வருஷமாக. என் அக்கா மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள், நீட் எழுதினாள், தேறினாள், ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அவளுக்கு இல்லை, காரணம் அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பி வந்தவர்களுக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். அம்மா கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனி கறுத்துப்போய்த்தான் ஓய்வு பெற்றார். எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்த பேத்தி டாக்டராக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அவளுக்கும் ஆசை, அதுவும் கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் உட்காருகிற டாக்டராக அல்ல, இங்கேயே இருந்து சர்க்கரை, பிரஷர், காய்ச்சல், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் என்று எல்லாவற்றையும் பார்க்கிற டாக்டராக. சின்ன வயதிலிருந்து என் கடையில் உட்கார்ந்து பார்த்தவள், அதனால் அவளுக்கு எது இல்லை என்று தெரியும்.

எது இல்லை என்றால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் நெஞ்சு வலி என்று ஒருவர் வந்தால் எங்கள் பக்கத்திலிருந்து பாதிப் பேர் சுல்தான் பத்தேரிக்குத்தான் ஓடுகிறார்கள். மாநில எல்லையைத் தாண்டி, யானை நிற்கிற ரோட்டில். ஊட்டிக்குப் போக நடுவட்டம் ஏறி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரத்தை விடுங்கள், அன்றாட விஷயத்தைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து மடித்துக் கிழிந்த நிலையில் கொண்டுவந்து, "போன தடவை கொடுத்ததையே கொடுங்க" என்பார்கள். அந்த மூன்று வருஷத்தில் சர்க்கரை எங்கே போனது, கிட்னி என்ன ஆனது என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு வீட்டுக்கே மாத்திரை வருகிறது, அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய ஒரு டாக்டர் வேண்டும், அதே ஆளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற டாக்டர். கூடலூர், பந்தலூர் ஆதிவாசி மக்களிடம் சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது, உடம்பு வலி என்று வருகிற பனியர் பையனுக்கு வெறும் வலி மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது என்று தெரிந்த டாக்டர் வேண்டும். இதற்குத்தான் அமெரிக்காவில் பிரைமரி கேர் என்று பெயர், குடும்ப மருத்துவம் அதில் முக்கியமான பகுதி.

சரி, கன்சல்டன்சிக்கு வருகிறேன்.

நீட் ரிசல்ட் வந்த பத்தாவது நாள் அக்காவின் போனுக்கு அழைப்பு வந்தது. எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. ஊட்டியில் ஒரு ஹோட்டல் ஹாலில் இலவசக் கூட்டம், வாருங்கள் என்றார்கள். நானும் அக்காவும் பாப்பாவும் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். நாற்பது குடும்பம் இருக்கும். கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர், எல்லாப் பக்கத்திலிருந்தும். டீ கொடுத்தார்கள், வர்க்கி கொடுத்தார்கள், கோட்டுப் போட்ட ஒருவர் திரையில் படம் போட்டுப் பேசினார். பேச்சு ரொம்ப நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், நான் அசந்துபோனேன். "இந்தியாவில் ஐந்தரை வருஷம், அமெரிக்காவில் இப்போது மூன்றே வருஷம், முடித்தவுடன் பிரைமரி கேரில் ரெசிடென்சி உறுதி, அங்கே அந்தத் துறையில் ஆளே இல்லை" என்றார். ரெசிடென்சி என்பது டாக்டர் படிப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரியில் சம்பளத்தோடு எடுக்கிற மேற்பயிற்சி. திரையில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம், நியூயார்க் பல்கலைக்கழகம், யூசி டேவிஸ் என்று பெயர்கள் வந்தன. அன்றே பதிவுக் கட்டணம் 15,000 கட்டினால் தள்ளுபடி, நாளைக்கு என்றால் 25,000. அக்கா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து எடுத்து வந்திருந்த பணத்தில் கட்டினாள். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். திரையில் காட்டிய கல்லூரிகளும் படிப்புகளும் உண்மையிலேயே இருக்கின்றன, இதுதான் இந்த விஷயத்தில் கஷ்டமே. முழுப் பொய் என்றால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம். உண்மையை எடுத்து, அது எங்கே யாருக்காக இருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார்கள்.

அமெரிக்காவில் பிளஸ் டூ முடித்தவுடன் நேராக மருத்துவக் கல்லூரிக்குள் போக முடியாது. முதலில் நான்கு வருஷம் ஒரு டிகிரி, அப்புறம் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, அப்புறம்தான் நான்கு வருஷ மருத்துவப் படிப்பு. விரைவுப் படிப்பு என்பது அந்தக் கடைசி நான்கை மூன்றாக்குவது. ஆக எங்கள் பாப்பாவுக்கு அது மூன்று வருஷம் கிடையாது, ஏழு. அதற்கு மேல் குடும்ப மருத்துவ ரெசிடென்சி மூன்று வருஷம். பிளஸ் டூவிலிருந்து டிகிரியையும் மருத்துவத்தையும் சேர்த்துப் படிக்கிற வழியும் சில இடங்களில் உண்டு, மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் ஆறு வருஷப் படிப்பு 1971-லிருந்து நடக்கிறது, ஆனால் அந்த மாதிரி இடங்கள் கொஞ்சம், அதிலும் பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்காத அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளே அதிகம். டெக்சாஸில் அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் குறைந்தது 90 சதவீதம் டெக்சாஸில் வசிப்பவர்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. கோட்டுப் போட்டவர் அந்தக் கல்லூரியின் படத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டுக் காட்டியபோது இதில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று படித்தபோது எனக்கு மனசுக்குள் ஒரு ஏக்கம் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் மூன்று வருஷ மருத்துவப் படிப்பு புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது டாக்டர் பற்றாக்குறையால் படிப்பைச் சுருக்கினார்கள், 1970-களில் அரசுப் பணம் கிடைத்ததால் பல கல்லூரிகள் மறுபடி மூன்று வருஷமாக்கின, பணம் நின்றதும், மாணவரும் ஆசிரியரும் களைத்துப்போனதும் சேர்ந்து பழையபடி நான்குக்கே போய்விட்டன. கனடாவில் மெக்மாஸ்டரும் கால்கரியும் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை மூன்று வருஷம்தான் நடத்துகின்றன. இப்போதைய அலை 2007-ல் பென்சில்வேனியாவில் லேக் ஈரி ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி பிரைமரி கேருக்கென்றே ஒரு மூன்று வருஷப் பிரிவு தொடங்கியதிலிருந்து. 2011-ல் டெக்சாஸ் டெக் குடும்ப மருத்துவத்துக்கு மட்டும் ஒரு விரைவுப் பாதை திறந்தது. 2013-ல் நியூயார்க் பல்கலைக்கழகம், 2014-ல் யூசி டேவிஸ். 2015-ல் இப்படிப்பட்ட கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பே வைத்துக்கொண்டன. 2019-ல் நியூயார்க் பல்கலைக்கழகம் லாங் ஐலண்டில் தொடங்கிய கல்லூரியில் படிப்பே மூன்று வருஷம், பிரைமரி கேர்தான் நோக்கம், படிப்புக் கட்டணமும் இல்லை.

எதை வெட்டி மூன்றாக்குகிறார்கள்? எம்.டி. படிப்புக்கு (அங்கே அதுதான் டாக்டராவதற்கான முதல் பட்டம், நம் எம்.பி.பி.எஸ். மாதிரி) அங்கே குறைந்தது 130 வாரம் பாடம் நடத்த வேண்டும் என்று அங்கீகாரம் தருகிற அமைப்பின் விதி இருக்கிறது, அதில் கை வைக்க முடியாது. கோடை விடுமுறை போகும். நான்காவது வருஷத்தில் விருப்பப் பாடமும், ஊர் ஊராக ரெசிடென்சி இண்டர்வியூவுக்கு அலைகிற மாதங்களும் போகும். அந்த அலைச்சல் ஏன் தேவைப்படாது என்றால், மாணவரை ஆரம்பத்திலேயே ஒரு ரெசிடென்சியோடு கோத்துவிடுகிறார்கள். அதே ஊர், அதே ஆசிரியர்கள், பல இடங்களில் அதே கிளினிக். முதல் வருஷத்தில் பார்த்த சர்க்கரை நோயாளியை ஆறாவது வருஷத்திலும் பார்க்கலாம். ஒரு வருஷக் கட்டணமும் கடனும் குறைகிறது, ஒரு வருஷம் முன்னதாகச் சம்பளம் வருகிறது. ஆக வேகம் என்பது கொடுக்கல் வாங்கல்: நீ இந்த ஊருக்கு, இந்தத் துறைக்கு வருகிறாய், நாங்கள் உனக்கு ஒரு வருஷத்தை மிச்சப்படுத்தித் தருகிறோம். ரெசிடென்சியோடு இருக்கிற அந்த இணைப்பை அறுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சுருக்கப்பட்ட படிப்பு மட்டும்தான். நான் படித்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், கன்சல்டன்சிக்காரர்கள் விற்றது அந்த மிச்சத்தை.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. எஸ்டேட்டில் பழைய ஆட்களைக் கேட்டால் எல்.எம்.பி. டாக்டர் என்பார்கள். எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் குறைந்த காலப் படிப்பு, ராயபுரத்தில் இப்போதைய ஸ்டான்லி கல்லூரி அந்தக் காலத்தில் அதைச் சொல்லிக்கொடுத்த பள்ளிதான். 1946-ல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான கமிட்டி இனி ஒரே ஒரு டாக்டர் படிப்புதான், அது எம்.பி.பி.எஸ்.தான் என்று பரிந்துரைத்தது, எல்.எம்.பி. மெல்ல மறைந்தது. 2001-ல் சத்தீஸ்கர் மூன்று வருஷப் படிப்பு ஒன்றைத் தொடங்கிச் சில வருஷத்தில் மூடியது, 2005-ல் அஸ்ஸாம் ஜோர்ஹாட்டில் ஒன்று தொடங்கி அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2023-ல் செல்லாது என்று முடிந்தது. குறுகிய காலத்தில் கிராமத்து டாக்டர் என்ற எண்ணத்தில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த முயற்சிகளில் அடுத்த படி இல்லை. படித்து முடித்தவரை யார் கை பிடித்து மேலே பயிற்சி கொடுப்பது, அவர் பட்டத்துக்கு என்ன மதிப்பு, இதைத் தீர்மானிக்காமல் ஆளை மட்டும் தயாரித்தார்கள். அமெரிக்காவில் ரெசிடென்சியோடு கோத்ததால்தான் இப்போதைய அலை நிற்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டாவது தடவை போனபோது ஃபைலைத் திறந்தார்கள். திரையில் காட்டிய ஒரு கல்லூரிகூட அதில் இல்லை. கரீபியன் தீவு ஒன்றில் இருக்கிற தனியார் கல்லூரி. முதலில் முன்மருத்துவம் என்று ஒரு வருஷத்துக்கு மேல், அப்புறம் விடுமுறையே இல்லாமல் பாடம், அப்புறம் கிளினிக்கல் பயிற்சிக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகள். "சார், இதுவும் அக்சலரேட்டட்தான், லீவு கிடையாது" என்றார் கவுன்சலர். எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு ஒரு காகிதத்தில் டாலரில் எழுதிக் கொடுத்தார், ரூபாயில் சொல்லுங்கள் என்று அக்கா கேட்டாள், அவர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே "பேங்க் லோன் இருக்கு மேடம்" என்றார். அடுத்த தவணை ஒன்றரை லட்சம் அந்த வாரமே கட்ட வேண்டும் என்றார்.

நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ரெசிடென்சி உறுதின்னு சொன்னீங்களே, யார் எழுதிக் கொடுப்பாங்க?"

அதற்கு அவர் சொன்னது: குடும்ப மருத்துவத்தில் அமெரிக்காவில் ஒவ்வொரு வருஷமும் 5,000-க்கு மேல் இடம் இருக்கிறது, பல நூறு இடம் நிரம்பாமலே கிடக்கிறது, யார் போனாலும் கிடைக்கும். முதல் பாதி சரி. பிரைமரி கேர் டாக்டருக்கு அங்கே மற்ற நிபுணர்களைவிடச் சம்பளம் குறைவு, கடனோடு வெளியே வருகிற அந்த ஊர்ப் பிள்ளைகள் வேறு துறைக்குப் போய்விடுகிறார்கள், அதனால் இடம் மிஞ்சுகிறது. ஆனால் யார் போனாலும் கிடைக்கும் என்பது தப்பு. நம் ஊர் மருத்துவக் கவுன்சலிங் மாதிரி அங்கே மேட்ச் என்று ஒன்று நடக்கிறது, மாணவர் இடங்களை வரிசைப்படுத்துவார், ஆஸ்பத்திரிகள் மாணவரை வரிசைப்படுத்தும், மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிவு வரும். 2024-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் எம்.டி. முடிக்கிற மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு 58.5 சதவீதம். அந்த 58.5-ம் யூஎஸ்எம்எல்இ என்கிற அமெரிக்க டாக்டர் உரிமத் தேர்வுகளைத் தேறி, சான்றிதழ் வாங்கி, விண்ணப்பம் போட்டு, கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களில். நடுவில் விழுந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். யூஎஸ்எம்எல்இ முதல் கட்டத் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான், முன்னே நல்ல மார்க் எடுத்துக் காட்டி இடம் பிடித்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வழியும் குறுகிவிட்டது.

கிடைத்தாலும் பெரும்பாலும் ஜே-1 என்கிற பயிற்சிக்கால விசா. பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத்தான் அங்கே குடியேறலாம். அதிலிருந்து விலக்கு வாங்க முக்கியமான வழி டாக்டர் இல்லாத பகுதியில் மூன்று வருஷம் வேலை செய்வது, மாநிலங்கள் வழியாகக் கிடைக்கிற அந்த விலக்கு ஒரு மாநிலத்துக்கு வருஷத்துக்கு 30 பேருக்குத்தான். அமெரிக்காவின் பின்தங்கிய கிராமத்துக்கு டாக்டராகப் போகிற ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாப்பா போக நினைக்கிற கிராமம் பந்தலூரில் இருக்கிறது.

மூன்றாவது தடவை நான் மட்டும் போனேன். கவுன்சலர் வெளியே போயிருந்தார். ஃபைல்களைப் பார்த்துக்கொள்கிற பெண் மட்டும் இருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். பாப்பா திரும்பி வந்து இங்கே வேலை பார்க்க நினைக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கதவைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இங்கே திரும்பி வரணும்னா இந்தக் காலேஜ் வேண்டாம். 54 மாசம்னு எழுதிக்கங்க, போய்ப் படிச்சுப் பாருங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் கட்டிய 15,000-ஐவிட மதிப்பு அதிகம்.

போய்ப் படித்தேன். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18-ல் வெளியிட்ட விதி. அதன் பிறகு வெளிநாட்டில் மருத்துவம் சேர்ந்தவர் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்ய வேண்டுமானால் படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலத்தில், அதற்கு மேல் 12 மாதம் இண்டர்ன்ஷிப், எல்லாம் ஒரே நாட்டில், அதே கல்வி நிறுவனத்தின் கீழ். தீவில் பாதி, அமெரிக்காவில் பாதி என்பது செல்லாது. படிப்பு வேகமாக முடிந்தது என்பது பெருமைக்குரிய விஷயமாக இல்லாமல், பதிவை மறுக்கிற காரணமாக ஆகிவிடும். நீட் தேறியிருக்க வேண்டும் என்பது 2018-லிருந்து கட்டாயம். திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு, 300 கேள்வியில் 150 எடுக்க வேண்டும், 2024 ஜூனில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். அதற்கும் மேல் இந்தியாவில் இன்னொரு 12 மாதம் பயிற்சி. 15,000 வாங்கிய ஒரு ஆலோசனை நிலையம் முதல் நாளிலேயே, "பாப்பா இந்தியாவுக்குத் திரும்ப வருவாளா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மூன்று சந்திப்பில் யாரும் அதைக் கேட்கவில்லை. 5-க்கு 2 என்று நான் போட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மற்ற விஷயங்கள்: அலுவலகம் சுத்தம், படி செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப் போனால் சிரமம். ஜெராக்ஸுக்குத் தனிக் காசு. போன் எடுப்பார்கள், பணம் கட்டுகிற வரை உடனே எடுப்பார்கள், அப்புறம் நான்கு தடவை அடிக்க வேண்டும். ரசீது கேட்டால்தான் தருவார்கள், கேட்டு வாங்குங்கள், அதில் எதற்காகக் கட்டினீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் ரசீதில் வெறும் "சேவை" என்று இருந்ததால் திருப்பிக் கேட்கும்போது பாடு பட்டோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் கோட்டுப் போட்டவர் முகம் மாறியது. அவர் சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் "உங்க பொண்ணோட எதிர்காலத்தை நீங்களே தடுக்குறீங்க" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா பஸ்ஸில் கூடலூர் வரை அழுதுகொண்டு வந்தாள். நடுவட்டத்தில் வண்டி டீக்கு நின்றபோது, "தம்பி, நிஜமாவே நாமதான் தடுக்குறோமா?" என்று கேட்டாள். பெற்றவர்களிடம் இப்படிச் சொல்லிப் பணம் வாங்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்படியானால் பாப்பா மாதிரிப் பிள்ளைக்கு வழி என்ன என்று என்னையே இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2021-22-ல் 150 இடங்களோடு வந்துவிட்டது, 2025 ஏப்ரலில் 700 படுக்கை ஆஸ்பத்திரியும் திறந்தாயிற்று. நான் பிளஸ் டூ முடித்த காலத்தில் இந்த மலையில் மருத்துவக் கல்லூரி என்பதே கனவு. எம்.பி.பி.எஸ். 54 மாதமும் ஒரு வருஷ இண்டர்ன்ஷிப்பும். அதற்கு மேல் குடும்ப மருத்துவத்தில் மூன்று வருஷ டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியம் தருகிற மேற்படிப்புப் பட்டம்) இருக்கிறது, இரண்டு வருஷ டிப்ளமோ இருக்கிறது, எம்.டி. இடம் நாட்டிலேயே கொஞ்சம்தான். தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற டாக்டர்களுக்கு மேற்படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதி ஒதுக்கீடு உண்டு, மலைப் பகுதியிலும் எட்டாத பகுதியிலும் வேலை பார்த்ததற்குக் கூடுதல் மார்க்கும் உண்டு. மலையில் வேலை பார்த்தால் மேலே படிக்க இடம் என்கிற ஏற்பாடு, கிட்டத்தட்ட அந்த டெக்சாஸ் கொடுக்கல் வாங்கலின் நம் ஊர் வடிவம். குறை என்னவென்றால், அப்படி மேற்படிப்புக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எலும்புக்கோ ரேடியாலஜிக்கோ போய்விடுகிறார்கள், மலைக்கு எல்லாவற்றையும் பார்க்கிற டாக்டராகத் திரும்பி வருவதில்லை. ஊட்டிக் கல்லூரியில் சேருகிற பிள்ளைகளில் பத்துப் பேரை முதல் வருஷத்திலேயே கூடலூர், பந்தலூர் ஆரம்ப சுகாதார நிலையங்களோடு கோத்து, மாதம் இரண்டு நாள் அதே குடும்பங்களைப் பார்க்க வைத்து, முடித்ததும் குடும்ப மருத்துவத்தில் இங்கேயே இடம் என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் பல நாள் யோசிக்கிறேன். வருஷத்தைக் குறைக்கக்கூட வேண்டாம். கோத்துவிட்டால் போதும்.

பாப்பா இன்னொரு தடவை நீட் எழுதுகிறாள். காலையில் கூடலூரில் கோச்சிங், சாயங்காலம் கடையில் என்னோடு. போன வாரம் சேரம்பாடியிலிருந்து ஒரு பாட்டி பழைய சீட்டோடு வந்தார், வழக்கம்போல போன தடவை கொடுத்ததையே கேட்டார். பாப்பா சீட்டில் தேதியைப் பார்த்துவிட்டு, "பாட்டி, கடைசியா எப்ப ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்தீங்க?" என்று கேட்டாள். பாட்டிக்கு நினைவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லி, எந்த பஸ் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்று அப்புறம்தான் தெரிந்தது, பஸ் ஸ்டாப் வரை கூடவே போய் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

15,000-ல் 9,000 ஏழு வாரத்துக்குப் பிறகு அக்கா கணக்குக்கு வந்தது. மீதி 6,000 நிர்வாகச் செலவு என்கிறார்கள், ரசீதில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்தால் இங்கேயே கீழே சேர்த்து எழுதுகிறேன்.